கிதாபும் கவியும் பொல்லும்: எங்கள் கலை வட்டத்தின் அடுத்த இரண்டு வருட வேலை

எங்கள் ஊர்க் கலை வட்டம், வருகிற சிறுபோக அறுவடை முடிந்த கையோடு நான்கு வேலைகளைத் தொடங்க இருக்கிறது. வீடுகளில் கிடக்கும் அரபுத் தமிழ்க் கிதாபுகளைப் படம்பிடிப்பது முதலாவது. வயதுபோன பெண்களிடம் எஞ்சியிருக்கும் கவிகளையும் தாலாட்டுகளையும் ஒலிப்பதிவு செய்வது இரண்டாவது. பொல்லடியைப் புதிய பிள்ளைகளுக்குப் பழக்குவதும் பன்பாய் இழைக்கும் கைப்பணியைப் பதிவு செய்வதும் மற்ற இரண்டு. வட்டத்தின் செயலாளர் என்ற வகையில் கடந்த சில மாதங்களாக ஊரில் எனக்குக் கிடைத்த கேள்விகள் கொஞ்சமல்ல. "இதுல என்ன டீச்சர் லாபம்?" என்று கேட்டவர்கள் உண்டு. "மார்க்கத்துக்கு இது சரியா?" என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். அவற்றுக்குப் பதிலாகவும், வேறு ஊர்களில் இதேபோன்ற எண்ணத்தோடு இருப்பவர்களுக்கு உதவியாகவும் இதை எழுதுகிறேன்.

கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையே கரையோர வீதியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. கிழக்கே கடல், மேற்கே வட்டைகள். வட்டத்தில் இருப்பவர்கள் பதினேழு பேர். ஆசிரியைகள், ஒரு வங்கி எழுதுவினைஞர், இரண்டு தையல்காரப் பெண்கள், ஓதிக்கொடுக்கும் மௌலவி ஒருவர், ஓய்வுபெற்ற நீர்ப்பாசனத் திணைக்கள ஊழியர் ஒருவர், மீதி பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். பெரிய ஆய்வாளர்கள் யாருமில்லை. இதுவரை நாங்கள் செய்தது மீலாத் கவியரங்கு, பாடசாலை நாடகம், ஒரு சிறுகதைத் தொகுதி, அவ்வளவுதான். மரபுரிமை என்ற சொல்லுக்குள் நாங்கள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

அந்தச் சொல்லைப் பற்றியே முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரபுரிமை என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு நினைவு வருவது அநுராதபுரமும் சீகிரியாவும். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருள் என்பதற்கு ஒரு நாளைக் கோடாகக் கீறி வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள். அதற்கு முந்தியது தொல்பொருள். பிந்திய கட்டடங்களை வேறாகப் பிரகடனம் செய்து பாதுகாக்க வழி இருந்தாலும், வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் நூறு, நூற்றிருபது வருடக் கிதாபை எந்தத் திணைக்களமும் தானாகத் தேடி வரப்போவதில்லை. எங்கள் கரையோர ஊர்களில் கையில் எடுக்கக்கூடியதாக மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு இப்பால்தான் இருக்கிறது. ஆகவே அது "பழைய சாமான்". பெருநாளைக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது முதலில் வெளியே போவது அதுதான்.

கையால் தொட முடியாத மரபுகளுக்கு யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு சமவாயம் இருக்கிறது. இலங்கை 2008இல் அதில் இணைந்தது. 2018இல் நூற்பாவைக் கூத்தான ரூகடவும், 2021இல் தும்பறைப் பாய் நெசவும் அந்தப் பட்டியலில் ஏறின. ஒரு பாய் உலகப் பட்டியலில் ஏறலாம் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு செய்தி. பட்டியலில் ஏற வேண்டும் என்று நாங்கள் ஓடவில்லை. ஆனால் அந்தச் சமவாயம் சொல்லும் ஒரு விஷயம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது: எது தங்கள் மரபு என்று சொல்ல வேண்டியவர்கள் அதை வைத்திருக்கும் சமூகத்தவர்களே. அந்த இடத்தில் நாங்கள் வாய் திறக்காமல் இருந்தால் எங்களுக்காக இன்னொருவர் சொல்லிவிடுவார், அல்லது ஒருவருமே சொல்ல மாட்டார்கள்.

இனிக் கிதாபுக்கு வருகிறேன். நாலு வேலையிலும் அவசரமானது இதுதான்.

அரபுத் தமிழ் என்றால் அரபும் தமிழும் கலந்த பாஷை என்று பலர் நினைக்கிறார்கள். பாஷை தமிழ்தான், எழுத்துத்தான் அரபு. வலமிருந்து இடமாக எழுதப்படும். அரபியின் 28 எழுத்துகள் தமிழுக்குப் போதாது. "பழம்" என்ற ஒரு சிறிய சொல்லை எழுதவே அரபியில் இல்லாத இரண்டு ஒலிகள் வேண்டும், பகரமும் ழகரமும். இப்படி இல்லாத ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளியும் குறியும் இட்டுப் பத்துக்கும் மேற்பட்ட புதிய எழுத்துகளைச் செய்துகொண்டார்கள். எகரம், ஒகரத்துக்கும் அரபியில் குறி இல்லை. அதற்கும் தனிக் குறிகள் உண்டாக்கினார்கள். மறுபக்கத்தில், தமிழ் எழுத்தால் முடியாத ஒன்று இதில் முடிந்தது. தொழுகை என்ற பொருளுள்ள ஸலாத்தையும் முகமன் சொல்லும் ஸலாமையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே "ஸ". அரபியில் ஒன்று ஸாத், மற்றது ஸீன். அரபுத் தமிழில் ஒவ்வொன்றும் தன் சொந்த எழுத்தோடேயே நிற்கும். மார்க்கச் சொல்லில் பிழை வரக்கூடாது, பாஷையும் விளங்க வேண்டும் என்ற இரண்டு தேவைக்கும் பிறந்த எழுத்து இது.

இந்த எழுத்தில் யார் யார் எழுதினார்கள் என்பது இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் அறிந்ததே. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) எழுதிய ஃபத்ஹுத் தய்யான் இங்கே எத்தனையோ வீடுகளில் சட்டப் புத்தகமாக இருந்தது. 1882இல் சித்திலெப்பை தொடங்கிய முஸ்லிம் நேசனிலும் அரபுத் தமிழுக்கு இடமிருந்தது. பெரியவர்களின் அந்த நூல்கள் எங்கேயாவது ஒரு பிரதியாவது மிஞ்சும். எங்கள் கவலை அவற்றைப் பற்றியதல்ல. ஊர் லெப்பை தன் கைப்பட எழுதிய நிக்காஹ் குறிப்பு, ஒரு தாய் மகளுக்குப் பிரதி பண்ணிக் கொடுத்த மாலை, பேய்க்கும் காய்ச்சலுக்கும் பார்க்கும் வாகட ஏடு, வயற்கணக்கு, கொழும்புக்குப் போன கணவனுக்கு எழுதிய கடிதத்தின் நகல் என்று வீட்டுக்கு வீடு ஒரே ஒரு பிரதியாகக் கிடப்பவைதான் எங்கள் கவலை. போனால் போனதுதான்.

இதில் பெண்களின் பங்கு தனியாகச் சொல்லப்பட வேண்டியது. என் மூத்தம்மா பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. பதிவேட்டில் கைநாட்டு வைத்தவ. ஆனால் ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதப் பழகியிருந்ததால் அரபுத் தமிழை வாசிக்கவும் எழுதவும் அவவுக்குத் தெரியும். அந்தக் காலத்துப் பெண்கள் பலரின் கதை இதுதான். தமிழெழுத்து தெரியாது என்பதால் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் என்று எண்ணப்பட்டார்கள். முஸ்லிம் பெண் கல்வி நேற்றுத்தான் தொடங்கியது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கிதாபுகளில் ஒன்றையாவது புரட்டிப் பார்த்திருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள்.

இவை எப்படி அழிகின்றன? கறையானும் கடற்காற்றும் ஒரு பக்கம். 2004 டிசெம்பர் 26 கடற்கரைத் தெருக்களில் கிடந்ததை ஒரே காலையில் கொண்டுபோனது. ஆனால் மற்ற இரண்டு காரணங்கள் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒன்று, மரியாதை. கிழிந்த குர்ஆன் ஏட்டைக் கண்ட இடத்தில் போடக்கூடாது. புதைப்பார்கள், அல்லது கடலிலோ ஆற்றிலோ விடுவார்கள். வாசிக்கத் தெரிந்த தலைமுறை மௌத்தான பிறகு, அரபெழுத்தில் இருப்பதெல்லாம் குர்ஆன்தான் என்று நினைத்து, வாகடமும் வயற்கணக்கும் மாலையும் அதே மரியாதையோடு கடலுக்குப் போகின்றன. செய்தவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பேணுதலாகத்தான் செய்தார். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் இரண்டு உரைப்பை நிறைய இப்படிப் போயிருக்கிறது. "பழைய குர்ஆனெண்டு நினைச்சுத்தான் மகள் கடல்ல விட்டம்" என்றார் அந்த வீட்டுக் காக்கா. அதில் தன் வாப்பாட வாப்பாவின் கையெழுத்தும் இருந்தது என்பது அவருக்கு நாங்கள் போய்க் கேட்ட பிறகுதான் யோசனைக்கு வந்தது.

மற்றது, பயம். 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு, அதிலும் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்ததற்குப் பிறகு, எங்கள் பக்கம் வீடு வீடாகச் சோதனை நடந்தது. அரபெழுத்துள்ள எதையும் வைத்திருக்கச் சனங்கள் பயந்தார்கள். சீருடையில் வருபவருக்கு இது தமிழ்தான் என்று எப்படி விளங்கவைப்பது? வாசித்துக் காட்ட வீட்டில் ஆளில்லை. தன் மூதாதையின் இருமல் மருந்துக் குறிப்பைத் தானே வாசிக்க முடியாமல், அதில் என்ன இருக்கிறதோ என்று தானே அஞ்சி, கிணற்றடியில் வைத்து எரித்த வீடுகள் இருக்கின்றன. ஒரு சமூகத்துக்குத் தன் கையெழுத்தே அந்நியமாகிப் போனால் என்ன நடக்கும் என்பதை அந்த வாரங்களில் கண்டோம். அரபுத் தமிழ் வாசிக்கப் பழக்க வேண்டும் என்று வட்டத்தில் முதன்முதலில் பேச்சு வந்தது அதற்குப் பிறகுதான்.

வேலை இப்படி நடக்கும். கிதாபு வீட்டை விட்டு வெளியே வராது, நாங்கள்தான் வீட்டுக்குப் போவோம். பெட்டகங்கள் பெரும்பாலும் பெண்களின் அறையில் இருப்பதால் இரண்டு பெண்கள் கட்டாயம் போவோம். அலுவலக ஸ்கேனரில் கிதாபைக் கவிழ்த்து அமுக்கினால் முதுகு உடையும். ஆகவே கமெராவை ஒரு தாங்கியில் மேலிருந்து கீழ்நோக்கிப் பூட்டி, கிதாபை முழுதாக விரிக்காமல் சாய்வான இரு பலகைகளில் தாங்கவைத்து, பக்கம் பக்கமாக எடுப்போம். ஃபிளாஷ் கிடையாது, யன்னல் வெளிச்சமும் இரண்டு சாதாரண விளக்கும் போதும். முதற் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையும் நிற அட்டையையும் வைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு பார்ப்பவருக்கு ஏட்டின் அளவும் மையின் நிறமும் தெரியாது. வெற்றுப் பக்கத்தையும் விடக்கூடாது. பிறந்த திகதியும் கடன் கணக்கும் வெற்றுப் பக்கத்தில்தான் இருக்கும். மூலப் படத்தைச் சுருக்காமல் ஒரு பிரதி, வாசிப்பதற்கு இலகுவான சிறிய பிரதி ஒன்று. வன்தட்டுகள் மூன்று, அதில் ஒன்று கடலிலிருந்து தூரமான வேறோர் ஊரில். சுனாமியைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டாருக்கு அவர்களின் கிதாபின் படம் முழுவதும் ஒரு பென்டிரைவில் கொடுக்கப்படும். உடைமை அவர்களுடையதே. அவர்கள் சம்மதித்தால் மாத்திரம் பொதுவில் வைப்போம். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்து வருகிறது. அப்படி ஒரு பொது இடத்தில் சேர்ப்பதற்குத் தக்கபடி, அவர்கள் பயன்படுத்தும் விவரக் குறிப்பு முறையையே ஆரம்பத்திலிருந்து பின்பற்ற எண்ணியிருக்கிறோம்.

மாரி தொடங்க முன் இது முடிய வேண்டும். ஒக்டோபர் கடந்தால் எங்கள் பக்கம் காற்றே ஈரம், ஒட்டிக்கொண்ட ஏட்டைப் பிரிக்க முடியாது.

படம் எடுத்தால் போதுமா, வாசிப்பது யார்? இங்கேதான் ஒரு வேடிக்கை. மத்றஸாப் பிள்ளைகளுக்கு எழுத்து ஓடும், பழைய தமிழ் ஓடாது. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த பிள்ளைகளுக்குப் பழைய தமிழ் விளங்கும், எழுத்து தெரியாது. ஒருவரையும் மற்றவரையும் ஒரே பாயில் இருத்தினால் ஒரு முழு வாசகர் கிடைப்பார். சனிக்கிழமை தோறும் பன்னிரண்டு வகுப்பு என்று திட்டம். எங்கள் மௌலவி எழுத்தைப் பார்த்துக்கொள்வார், நான் தமிழைப் பார்த்துக்கொள்வேன். பரீட்சார்த்தமாக நடந்த முதல் வகுப்பில் ஒரு மத்றஸா மாணவர் ஒரு வரியைக் கிராஅத் ஓதுவதுபோல் ராகமாக ஓதினார். ஓதி முடிந்ததும் பக்கத்திலிருந்த பட்டதாரிப் பிள்ளை சிரித்தது. அந்த வரி, வெந்தயம் எத்தனை கழஞ்சு போட வேண்டும் என்பது.

இரண்டாவது வேலை கவி. கவி என்று நாங்கள் சொல்வது அச்சில் வரும் கவிதையை அல்ல. நாலு வரி. முதலிரண்டு வரியில் பெரும்பாலும் ஒரு காட்சி, வயலோ கிளியோ கடலோ வரும். பின்னிரண்டு வரியில் சொல்ல வந்தது வரும். எதுகை பிடிக்க வேண்டும். வட்டையில் காவற் பரணில் இருந்த ஆணும் வீட்டில் பாய் இழைத்த பெண்ணும் இதே வடிவத்தில்தான் பேசினார்கள், கோபித்தார்கள், தூது விட்டார்கள். ஒரு கவிக்கு மறுகவி உண்டு. தமிழ் ஊர்களிலும் இதே கவி உண்டு. மச்சான், மச்சி, வாப்பா, உம்மா என்ற சொற்கள்தான் எந்த வளவில் பிறந்தது என்று காட்டிக்கொடுக்கும். சில கவியை எந்த ஊருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, வயலின் வரம்பு ஒன்றாக இருந்த காலத்துச் சொத்து.

கவி ஏன் நின்றது என்று கேட்டால் சினிமாப் பாட்டையும் தொலைக்காட்சியையும் காட்டுவார்கள். எனக்கு அது அரைப் பதிலாகத்தான் படுகிறது. கவி பிறந்த வேலைகளே இல்லாமல் போய்விட்டன. மாடு விட்டுச் சூடு மிதித்த களவெட்டி இரவுகள் இல்லை. நெல்லைப் "பொலி" என்று மரியாதையாகச் சொன்ன களமே இல்லை. வெட்டும் மெசின் வயலுக்குள் இறங்கினால் பொழுது சாயும் முன் மூட்டை வீதிக்கு வந்துவிடுகிறது. பரணில் விழித்திருக்க ஆள் தேவையில்லை. விழித்திருக்காதவனுக்குக் கவி எதற்கு?

நாட்டார் பாடல்களை எங்களுக்கு முன்பே சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் (1964) இருக்கிறது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் பல வருடங்கள் ஊர் ஊராகத் திரிந்து முஸ்லிம் நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். அவர்களுடைய வேலை இல்லாவிட்டால் எங்களிடம் தொடங்குவதற்கு எதுவுமே இல்லை. அச்சில் இல்லாதது ஓசை. ஓர் இழுவை எங்கே நீள்கிறது, எந்தச் சொல்லில் குரல் உடைகிறது என்பதை எழுத்து காட்டாது. அதைத்தான் நாங்கள் பிடிக்கப் போகிறோம்.

பிடிப்பது என்று எழுதிவிட்டேன். அது அவ்வளவு இலேசில்லை. கவி தெரிந்தவர்களில் பெரும்பாலோர் எழுபது, எண்பது கடந்த பெண்கள். முதல் பேச்சுவார்த்தைக்குப் போன வீட்டில் ஒரு மூத்தம்மா இருபது கவிக்கு மேல் நிறுத்தாமல் படித்தா. நாங்கள் கையடக்கத் தொலைபேசியை வெளியே எடுத்ததும் நிறுத்திவிட்டா. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டா: "நான் மௌத்தாப் போன பொறகு என்ட குரல் இந்த ஒலகத்துல கெடந்தா, அதுக்கு எனக்கிட்ட கேள்வி கணக்கு இரிக்கா மகள்?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் தெரியவில்லை. இந்தக் கேள்வியைப் பழமைவாதம் என்று தள்ளிவிட எங்கள் வட்டத்தில் இளம் பிள்ளைகள் சிலர் தயாராக இருந்தார்கள். நான் உடன்படவில்லை. குரல் அவவுடையது, கணக்கும் அவவுடையது. எங்கள் மௌலவி சொன்னார்: பெண்ணின் குரல் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, இரண்டு பக்கத்தையும் அவவுக்கு விளங்கச் சொல்வது நம் கடமை, முடிவு எடுப்பது அவவின் உரிமை. அதிலிருந்துதான் எங்கள் சம்மதப் பத்திரம் பிறந்தது.

பத்திரத்தில் மூன்று வழி இருக்கிறது. விரும்பினால் கவியின் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு, குரலை அவவின் கண்ணுக்கு முன்னாலேயே அழித்துவிடுவோம். அல்லது குரல் இருக்கும், ஆனால் குடும்பத்தவரும், ஆய்வுக்கென வரும் பெண்களும் மட்டுமே கேட்கலாம். அல்லது யாரும் கேட்கலாம். எந்த நாளும் மனதை மாற்றிக்கொள்ளலாம். மௌத்துக்குப் பிறகு பிள்ளைகள் வந்து இறுக்கலாம், தளர்த்த முடியாது. பதிவு செய்வதும் எழுதுவதும் பெண்களே. இதனால் எங்கள் ஒலிக்களஞ்சியத்தின் பெரும்பகுதி பூட்டியே இருக்கலாம். பூட்டிய பெட்டகமும் பெட்டகம்தான். அந்த மூத்தம்மா இரண்டாவது வழியைத் தெரிவு செய்திருக்கிறா. கூடவே ஒரு நிபந்தனை: காதல் கவி எல்லாம் தான் படித்தது என்று மருமகனுக்குச் சொல்லக்கூடாது.

"ஜாஹிலியாக் காலத்துப் பாட்டை ஏன் தோண்டுறீங்க?" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். கவிகளில் இன்று மேடையில் படிக்க முடியாதவை உண்டு. மாலைகளில் இன்றைய உலமாக்கள் ஏற்காத வரிகள் உண்டு. பதிவு செய்வது ஃபத்வா கொடுப்பதல்ல. எங்கள் முன்னோர் என்ன நம்பினார்கள், எப்படிச் சிரித்தார்கள், எதற்கு அழுதார்கள் என்று தெரிந்துகொண்டு அதன் பிறகு ஏற்கலாம், விடலாம். தெரியாமல் விடுவதில் ஒரு பெருமையும் இல்லை. சேர்த்ததைத் திருத்தி, "நல்லதை" மட்டும் வெளியிடலாம் என்று எங்களுக்குள்ளேயே ஒரு யோசனை வந்தது. வாக்கெடுப்பில் தோற்றது, ஆனால் பெரிய வித்தியாசத்தில் அல்ல. இந்த விவாதம் இன்னும் வரும்.

பொல்லடி பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, கிழக்கில் அதை அறியாதவர் குறைவு. சோடி சோடியாக வட்டமாக நின்று, இரு கையிலும் பொல்லேந்தி, அண்ணாவியாரின் பாட்டுக்கும் தாளத்துக்கும் ஏற்ப அடித்து ஆடுவது. சுன்னத்துக் கலியாணம், மாப்பிள்ளை ஊர்வலம் என்று அதற்கு வீட்டு இடங்கள் இருந்தன. இன்று மிஞ்சியிருக்கும் இடம் ஒன்றுதான்: கட்டடம் திறக்க வரும் பிரமுகரைப் படலையிலிருந்து மேடைவரை கூட்டிப் போவது. பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஏற்றபடி ஆட்டமும் சுருங்கிவிட்டது. முழு ஆட்டம் இரவு நீளும் என்று எங்கள் அண்ணாவியார் சொல்கிறார். அறுபது கடந்த கலைஞர்களுக்கு அரசு கொடுக்கும் கலாபூஷணம் விருது நல்லது. ஆனால் விருது கிடைக்கும் வயதில் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. பழகக் காத்திருக்கும் பிள்ளைகளையும் காணோம். ஆகவே ஒன்பதாம், பத்தாம் தரப் பையன்கள் பன்னிரண்டு பேரைத் தெரிந்து, பாடசாலை விடுமுறைகளில் முழு ஆட்டத்தையும் பழக்கப் போகிறோம். ஒவ்வோர் அடவையும் மேலிருந்தும் முன்னிருந்தும் வீடியோ எடுப்போம், வட்டத்தின் சுழற்சி முன்னிருந்து எடுத்தால் விளங்காது. அரங்கேற்றத்துக்கு எந்தப் பிரமுகருக்கும் அழைப்பில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். இந்தத் தீர்மானம் எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்ப்போம்.

பன்பாய் கடைசி. இழைக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள், பன் தான் இல்லை. பன் வளர்ந்த சதுப்புத் தரவைகள் நிரவப்பட்டு வளவுகளாகிவிட்டன. முன்பு காலையில் போய் வெட்டிக்கொண்டு வந்ததை இன்று தூரத்திலிருந்து காசு கொடுத்து எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாயோடு விலையில் போட்டி போட முடியாது. ஆகவே இழைப்பின் மாதிரிகளையும் அவற்றின் பெயர்களையும் சாயம் காய்ச்சும் முறையையும் பதிவதோடு, எஞ்சிய தரவைகள் எங்கே என்று ஒரு வரைபடமும் தயாரிப்போம். அதைப் பிரதேச செயலகத்துக்குக் கொடுப்போம். ஓய்வுபெற்ற எங்கள் நீர்ப்பாசன ஊழியர் இந்த வேலையை ஏற்கனவே தொடங்கிவிட்டார். ஒரு சைக்கிளும் பழைய நில அளவைப் படமும் இருந்தால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

காசு பற்றிய கேள்விக்கு நேரான பதில்: எங்களிடம் கமெரா ஒன்றும் தாங்கியும் இருக்கின்றன. வன்தட்டுகளுக்கு உறுப்பினர்கள் பணம் போட்டிருக்கிறோம். உதவி செய்ய முன்வந்த ஒரு நிறுவனம், முதலில் மேடை விழா வேண்டும், பதாகை வேண்டும் என்றது. நாங்கள் மெதுவாக விலகிக்கொண்டோம். சிறிய வேலையாக இருந்தால் சிறிய காசில் நடக்கும்.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் வீட்டில் அரபெழுத்தில் பழைய ஏடு இருந்தால், கடலில் விடவும் புதைக்கவும் முன் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவேண்டாம். அது சில வருடத்தில் மஞ்சளாகி, எழுத்தையும் சேர்த்துக் கழற்றும். லெமினேட் பண்ணவே வேண்டாம். வெயிலில் காயவைக்காமல் நிழலில் காற்றுப்பட விரியுங்கள். பருத்திச் சீலையில் சுற்றி, நிலத்திலிருந்து உயரமாக வையுங்கள், பொலித்தீன் பையில் கட்டினால் உள்ளே வியர்க்கும். யார் எழுதியது, யார் ஓதியது, எந்த ராவில் ஓதியது என்று தெரிந்தவரை ஒரு தாளில் தமிழில் எழுதி உள்ளே வையுங்கள். தாளை ஒட்டவேண்டாம்.

எங்கள் பட்டியலில் முதல் வீடு, பள்ளிக்குப் பின்னால் உள்ள ஒரு ராத்தாவின் வீடு. அவவின் பெட்டகம் மூன்று தலைமுறைப் பழையது. திறப்பு சுனாமியோடு போய்விட்டது. உள்ளே கிதாபு இருக்கிறதென்று அவ சத்தியம் பண்ணுகிறா. ஆசாரியைக் கூப்பிட்டுப் பூட்டைக் கழற்றுவதா, பின்பலகையை இளக்குவதா என்று இந்த வெள்ளிக்கிழமை முடிவெடுப்போம்.